டிரெஸ்ஸிங் மாற்றும்போது நான் கோட்டை விட்ட இடம்

அப்பாவின் வயிற்றுத் தையலுக்கு வீட்டில் நான்தான் டிரெஸ்ஸிங் மாற்றினேன். சிஸ்டர் இரண்டு முறை செய்து காட்டி, மூன்றாம் முறை என்னைச் செய்யவைத்துப் பார்த்த பிறகுதான் அனுமதி கிடைத்தது. அப்படி யாரும் பக்கத்தில் நின்று சொல்லித்தராமல், இதைப் படித்துவிட்டு மட்டும் இறங்காதீர்கள். ஆழமான குழிப்புண், டிரெயின் குழாய் (உள்ளே சேரும் திரவத்தை வெளியேற்றுவது), சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாயில் செருகிய குழாய்) எல்லாம் பயிற்சி பெற்ற நர்ஸ் கைக்கே விட்டுவிடுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். கை கழுவி, சாதாரணக் கையுறையோடு பழைய கட்டை எடுங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்க வேண்டாம், சலைன் (மருத்துவ உப்புநீர்) விட்டுச் சில நிமிடம் ஊறவையுங்கள். சீழ், நாற்றம், பரவும் சிவப்பு, காய்ச்சல் இருந்தால் டாக்டருக்குச் சொல்லிவிடுங்கள்.

கையுறையைக் கழற்றி, மறுபடி சோப்புப் போட்டு 40 முதல் 60 நொடி கழுவுங்கள். அப்புறம் ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) துணியை விரித்து, காஸ் (புண்ணுக்கு வைக்கும் வலைத்துணி), சலைன் எல்லாவற்றையும் இப்போதே பிரித்துவிடுங்கள். கையுறை மாட்டிக்கொண்டு மூடிய சலைனைப் பார்த்து முழித்த அனுபவம் எனக்கு உண்டு.

அடுத்தது ஸ்டெரைல் கையுறை. மணிக்கட்டுப் பகுதி மடிந்திருக்கும். மடிப்பில் வெளியே தெரிவது கையுறையின் உள்பக்கம். வெறும் கை அதை மட்டும்தான் தொடலாம். இடது கையால் அந்த மடிப்பைப் பிடித்து வலது கையுறையைப் போடுங்கள். பிறகு வலது கையின் நான்கு விரல்களை இடது கையுறையின் மடிப்புக்கு அடியில் நுழைத்துத் தூக்குங்கள். பெருவிரல் விலகியே இருக்கட்டும். என் பெருவிரல் இடது மணிக்கட்டின் வெறும் தோலில் லேசாக உரசியது. சிஸ்டர் ஒன்றும் பேசாமல் புது ஜோடியை நீட்டினார்.

இனி சுத்தம் செய்வது: சலைனில் நனைத்த காஸால் தையல் மேல் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு, பிறகு இரு பக்கமும். ஒரு இழுப்புக்கு ஒரு காஸ். பஞ்சு வேண்டாம், இழை ஒட்டும். ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டாம், ஆறும் திசுவையே அரிக்கும். சலைனில் எனக்குப் பிடித்தது ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சின்னக் குப்பி. மீதியை என்ன செய்வது என்ற கவலையில்லை. சுற்றியுள்ள தோலை ஒற்றி உலர்த்தி, புது காஸை வைத்துப் பேப்பர் டேப் ஒட்டுங்கள்.

பின்சேர்க்கை: எல்லாப் புண்ணுக்கும் ஸ்டெரைல் கையுறை தேவையா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இல்லை. பல புண்களுக்குச் சுத்தமான சாதாரணக் கையுறையே போதும் என்பார்கள். உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். இன்னொருவர் காஸைத் துணியின் ஓரத்தில் வைத்திருந்தாராம். சுற்றிலும் 2.5 செ.மீ. ஓரம் ஸ்டெரைல் கணக்கில் சேராது, அந்தக் காஸைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.