உணவுக்கூடம் யாருடையது? முதியோர் குடியிருப்பில் வீடு வாங்குவோர் செய்யும் தவறுகள்

கோயம்புத்தூரைச் சுற்றி, குறிப்பாக வடவள்ளி, தொண்டாமுத்தூர், துடியலூர் பக்கங்களில், ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கென்றே கட்டப்பட்ட குடியிருப்பு வளாகங்கள் பெருகியிருக்கின்றன. வங்கியின் கடன் பிரிவில் பத்திரங்களைப் படித்தே பணிக்காலத்தைக் கழித்த நான், ஓய்வுக்குப் பின் அப்படியொரு வளாகத்தில் குடியேறி, குடியிருப்போர் சங்கத்தின் செயற்குழுவிலும் சில காலம் இருந்தேன். அதனால் வீடு பார்க்க வருகிறவர்களில் பலர், விற்பனைப் பிரிவு இளைஞர் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டி முடித்ததும், "சார், இங்கே குடியிருக்கிறவங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு" என்று என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். அவர்கள் கேட்பதையும் கேட்காமல் விடுவதையும் பார்த்தால், எங்கள் வளாகத்தில் முதலில் குடியேறியவர்கள் இடறிய அதே இடங்களில் இவர்களும் இடறப் போகிறார்கள் என்பது தெரிந்துவிடுகிறது.

வில்லங்கச் சான்று பார்க்க வேண்டும், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணைச் சரிபார்க்க வேண்டும், குளியலறையில் கைப்பிடிக் கம்பி இருக்க வேண்டும், மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர் என்று விசாரிக்க வேண்டும் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை யாரும் சொல்லித் தருவார்கள். வருகிறவர்களும் தவறாமல் கேட்கிறார்கள்.

வீட்டோடு சேவையும் சேர்ந்து வந்துவிட்டது என்று நினைப்பது

வாங்குகிறவர் கையெழுத்திடும் ஆவணங்கள் இரண்டு வகை: வீட்டுக்கான விற்பனைப் பத்திரம், சேவை ஒப்பந்தம். முதலாவதை வக்கீலிடம் காட்டி, வரிக்கு வரி கேள்வி கேட்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் பெருவிரல் ரேகை வைத்துப் பதிவு செய்கிறார்கள். இரண்டாவதைச் சாவி வாங்கும் நாளன்று, அலுவலகத்தில் தரும் காபியைக் குடித்துக்கொண்டே, பக்கத்தைப் புரட்டப் புரட்டக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். விற்பனைப் பத்திரம் தருவது சுவரும் தரையும் மனைப் பங்கும் மட்டுமே. மூன்று வேளைச் சாப்பாடு, அறையைப் பெருக்கித் துடைப்பது, நள்ளிரவில் அழைப்பு மணியை அழுத்தினால் வந்து நிற்கும் செவிலியர், ஆம்புலன்ஸ் ஆகிய அனைத்தும், அதாவது சொந்த ஊர் வீட்டை விட்டு ஒருவர் இங்கே வருவதற்கான காரணங்கள் அனைத்தும், அந்தச் சேவை ஒப்பந்தத்தில்தான் இருக்கின்றன. அதற்குக் காலவரம்பு உண்டு. முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளும் உரிமையும் பெரும்பாலும் நிறுவனத்துக்கு அதில் உண்டு.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்துக்கு முன்பே கட்டி விற்கப்பட்ட ஒரு வளாகத்தில், எனக்கு நன்றாகத் தெரிந்தவர்களுக்கு இது நேர்ந்தது. கட்டியவரின் துணை நிறுவனமே சமையலையும் பராமரிப்பையும் பார்த்துவந்தது. ஒருநாள் அந்த நிறுவனம், நட்டத்தில் நடத்த இயலாது என்று ஒப்பந்தத்தின் விலகல் பிரிவைச் சுட்டிக்காட்டிக் கடிதம் கொடுத்தது. குடியிருப்போர் முதலில் பெரிதாகக் கவலைப்படவில்லை. இவர் போனால் வேறொரு கேட்டரிங்காரரை வைத்துக்கொள்ளலாம் என்று சங்கக் கூட்டத்தில் பேசி முடித்தார்கள். ஆள் கிடைத்து, அவர் சமையலறையைப் பார்க்க வந்த அன்றுதான், அந்தக் கட்டடத்துக்குள் அவரை அழைத்துச் செல்லச் சங்கத்துக்கு உரிமை இல்லை என்பது தெரியவந்தது.

அங்கே குடியிருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தம் பத்திரக் கோப்பை என்னிடம் எடுத்து வந்தார். பக்கத்துக்குப் பக்கம் பிளாஸ்டிக் உறை போட்டு, ஓரத்தில் வண்ணத் தாள் ஒட்டி, அவ்வளவு ஒழுங்காக வைத்திருந்தார். சொத்து விவரப் பட்டியலில் நான்கு எல்லைகளும் எழுதப்பட்டிருந்தன. மேற்கெல்லையில், 'விற்பவர் தமக்கென நிறுத்திக்கொண்ட மனையும் கட்டடமும்' என்று ஒரு வரி இருந்தது. அந்தக் கட்டடம்தான் உணவுக்கூடம். அதன் மாடியில்தான் செவிலியர் அறையும் இருந்தது. அவர் அந்த வரியைப் பலமுறை படித்தவர்தான். எல்லை என்று வாசித்தாரே தவிர, தினமும் தாம் இட்லி சாப்பிடும் இடம் அது என்று அவருக்குத் தோன்றவில்லை. உரிமையாளர் கூடத்துக்கு வாடகை கேட்டார், பாத்திரங்களுக்கும் நீராவி அடுப்புக்கும் தனியே விலை கேட்டார். பேரம் படியும்வரை வெளியிலிருந்து டிபன் கேரியரில் சாப்பாடு வந்தது. சமைத்துக்கொள்ளலாம் என்றால், உணவுக்கூடம் இருக்கும் நம்பிக்கையில் கட்டப்பட்ட அந்த வீடுகளில் ஒரு மின்அடுப்பு வைக்கும் அளவுக்கு மேடை இருந்ததே தவிர, புகைபோக்கியோ காஸ் சிலிண்டருக்கு இடமோ இல்லை. கடைசியில் உரிமையாளர் கேட்ட வாடகையைச் சங்கம் கொடுத்தது. அது மாதக் கட்டணத்தில் ஏறியது.

இந்தத் தவறு இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவதற்குக் காரணம், இதைத் தவிர்க்கப் பெரிய சட்ட அறிவு எதுவும் தேவையில்லை என்பதுதான். உணவுக்கூடமும் சமையலறையும் மருத்துவ அறையும் பொதுப்பகுதிப் பட்டியலில், அதாவது வாங்கியவர்கள் எல்லோருக்கும் சேர்ந்து உரிமையான இடங்களின் பட்டியலில், இருக்கின்றனவா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு, பதிலை வாய்மொழியாக ஏற்காமல், ஒப்புதல் பெற்ற வரைபடத்திலும் பத்திரத்திலும் விரலை வைத்துக் காட்டச் சொன்னால் போதும். ரெரா சட்டம் பொதுப்பகுதிகளுக்குச் சொல்லும் விளக்கத்தில் திட்டத்தில் அளிக்கப்படும் சமூக வசதிகளும் அடங்கும்; பொதுப்பகுதிகளின் பிரிபடாத உரிமையைக் கட்டுநர், குடியிருப்போர் சங்கத்தின் பெயருக்கு மாற்றித் தர வேண்டும் என்று அதன் 17-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் உணவுக்கூடம் தனிக் கட்டடமாகவோ வேறு மனையாகவோ காட்டப்பட்டிருந்தால், அது பொதுப்பகுதியா இல்லையா என்பதை எழுபத்தைந்து வயதில் ஆணையத்தின் முன் வழக்காடித்தான் நிலைநாட்ட வேண்டியிருக்கும்.

இதோடு சேர்த்துக் கேட்க வேண்டியவை சில உள்ளன. சேவை ஒப்பந்தம் எத்தனை ஆண்டுகளுக்கு? முடிந்தபின் அடுத்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது சங்கமா, கட்டுநரா? குடியேறும்போது வாங்கும் வைப்புத்தொகை யாருடைய வங்கிக் கணக்கில் இருக்கிறது, அதிலிருந்து பணம் எடுக்கச் சங்கத்தின் கையெழுத்து வேண்டுமா? மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட ஓய்வு இல்லங்களுக்கான மாதிரி வழிகாட்டுதல்கள், கட்டுநரும் சேவை நிறுவனமும் வாங்குகிறவரும் சேர்ந்து கையெழுத்திடும் முத்தரப்பு ஒப்பந்தத்தை வலியுறுத்துகின்றன. அவை மாதிரி மட்டுமே என்றாலும், அப்படியொரு ஒப்பந்தம் இங்கே உண்டா என்று கேட்டுப் பாருங்கள். பதிலைவிட, பதில் சொல்லுகிறவர் யாருக்குத் தொலைபேசியில் பேசப் போகிறார் என்பதிலிருந்து நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

இன்றைய மாதக் கட்டணத்தை மட்டும் குறித்துக்கொள்வது

கட்டணம் ஆண்டுக்கு 8 விழுக்காடு உயர்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒன்பது ஆண்டுகளில் அது இரட்டிப்பாகிவிடும். எழுபது வயதில் மாதம் 25,000 ரூபாய் கட்டத் தொடங்கும் தம்பதியர், எழுபத்தொன்பதில் 50,000 ரூபாயும் எண்பத்தெட்டில் ஒரு லட்சமும் கட்ட வேண்டியிருக்கும். வருமானத்தின் பக்கம் பாருங்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் உச்சவரம்பான 30 லட்சத்தை 8.2 விழுக்காட்டு வட்டிக்குப் போட்டால் காலாண்டுக்கு 61,500 ரூபாய், அதாவது மாதம் 20,500 ரூபாய் வரும். ஐந்து ஆண்டும் அது ஒரு ரூபாய்கூட ஏறாது. அகவிலைப்படியோடு ஓய்வூதியம் பெறுகிறவருக்கும் வட்டியை நம்பியிருப்பவருக்கும் ஒரே கட்டணம் ஒரே சுமை ஆகாது.

ஜிஎஸ்டியைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. மாதம் 7,500 ரூபாய் வரையிலான விலக்கு, குடியிருப்போர் சங்கம் தன் உறுப்பினர்களிடம் வசூலிக்கும் தொகைக்குத்தான். பராமரிப்புக்கு ஒரு நிறுவனம் நேரடியாக ரசீது போட்டால் அந்த விலக்கு பொருந்தாது. ஆகவே, சொல்லப்படும் கட்டணம் வரியைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள். கடந்த ஐந்தாண்டு ரசீதுகளை விற்பனை அலுவலகத்திடம் கேட்காமல், அங்கே குடியிருப்பவரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். கணவன், மனைவி இருவரில் ஒருவர் இறந்தபின் கட்டணம் எவ்வளவு குறையும் என்பதையும் கேட்க வேண்டும். கேட்கச் சங்கடமான கேள்விதான். ஆனால் சாப்பாட்டுத் தொகை மட்டும் குறைந்து, மற்றதெல்லாம் அப்படியே நிற்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

திருவிழா நாளில் போய்ப் பார்ப்பது

சாதாரணச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் போய், விருந்தினர் அறையில் ஒரு வாரம் காசு கொடுத்துத் தங்கி, இரவுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பாருங்கள்.

படுக்கையில் விழும் நாளைப் பற்றிக் கேட்காமல் விடுவது

பெரும்பாலான வளாகங்கள் தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்ளக்கூடிய முதியவர்களுக்காகக் கட்டப்பட்டவை. விளம்பரத் தாளில் செவிலியர் படம் இருக்கும். ஒப்பந்தத்திலோ, தொடர் பராமரிப்புத் தேவைப்படுகிறவர் தம் செலவில் ஹோம் நர்ஸ் வைத்துக்கொள்ள வேண்டும் என்றோ, வேறு இடத்துக்கு மாற வேண்டும் என்றோ ஒரு பிரிவு இருக்கும். இடுப்பு எலும்பு முறிவைவிட மறதி நோய்தான் இங்கே பெரிய சிக்கல். முறிந்த எலும்பு கூடும். ஆனால் நள்ளிரவில் எழுந்து, இல்லாத பேருந்துக்காக வாசலில் நிற்கும் ஒருவரை எந்த வாயில்காவலரும் எல்லா நாளும் கவனித்துக்கொண்டிருக்க முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு வளாகத்துக்குள் தனிப் பிரிவு உண்டா, அதில் எத்தனை படுக்கைகள், இப்போது எத்தனை காலி என்று கேளுங்கள். ஒற்றைப் படுக்கையறை வீட்டில் ஹோம் நர்ஸ் எங்கே உறங்குவார், அவருடைய சாப்பாட்டுக்கு விருந்தினர் கட்டணமா, ஊழியர் கட்டணமா என்பதெல்லாம் அற்பமாகத் தோன்றும். ஆனால் மாதக் கணக்கில் பெரிய தொகை இதில்தான் ஒளிந்திருக்கிறது.

மலையடிவாரத்தில் காலாற நடக்கலாம் என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். தொண்டாமுத்தூர்ப் பக்கத்தில் அந்தி சாய்ந்தபின் யானையும் காலாற நடக்க வரும் என்பதை உள்ளூர்க்காரரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

லிஃப்டைப் பார்க்காமல் வீட்டை மட்டும் பார்ப்பது

ஸ்ட்ரெச்சர் படுத்த நிலையில் உள்ளே போகுமா என்று அளந்து பாருங்கள்.

பிள்ளையின் பெயரில் வாங்குவது

எப்படியும் அவனுக்குத்தானே என்று, பூர்வீக வீட்டை விற்ற பணத்தில் மகன் பெயரிலோ மகள் பெயரிலோ பத்திரம் முடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த வீடு அன்று முதல் பிள்ளையின் சொத்து. பிள்ளையின் கடனுக்கும் மணமுறிவு வழக்குக்கும் அது உட்படும். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-இன் 23-ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, நிபந்தனை மீறப்பட்டால் திரும்பப் பெற வழி செய்கிறது. ஆனால் பெற்றோர் தம் சொத்தை எழுதிக் கொடுத்ததற்குத்தான் அது துணை நிற்கும். பணத்தைக் கொடுத்து, வீட்டை நேராகப் பிள்ளை பெயரிலேயே வாங்கியிருந்தால் அந்தப் பிரிவைக் கொண்டு வாதிடுவது கடினம். கணவன், மனைவி இருவர் பெயரிலும் வாங்கிக்கொண்டு, உயில் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள்.

பழைய வீட்டை உடனே விற்றுவிடுவது

முதலில் அதே வளாகத்தில் ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள்.

விற்கவே வேண்டி வராது என்று இருப்பது

நாம் விற்க மாட்டோம் என்பது உண்மைதான். நமக்குப்பின் பிள்ளைகள் விற்பார்கள். நாற்பத்தைந்து வயது மகன் அந்த வீட்டுக்கு வாரிசாகலாம், ஆனால் வயது விதியின்படி அங்கே குடியிருக்க முடியாது. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். வாங்க வருகிறவரும் வயது வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பதால், வாங்குவோர் வட்டம் சிறியது. இதற்கு மேல், விற்பதற்கு நிறுவனத்தின் தடையில்லாச் சான்று வேண்டும் என்றும், பெயர் மாற்றக் கட்டணமாக விலையில் ஒரு பங்கு தர வேண்டும் என்றும், முதலில் நிறுவனத்துக்கே விற்க முன்வர வேண்டும் என்றும் சில ஒப்பந்தங்களில் எழுதியிருக்கிறது. நிறுவனத்துக்கு விற்பதென்றால் விலையை யார் நிர்ணயிப்பார் என்பது எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எழுதப்படவில்லை என்றால், கையெழுத்திடுவதற்கு முன்பே எழுதச் சொல்லுங்கள். அமெரிக்காவிலிருந்து பத்து நாள் விடுப்பில் காரியம் முடிக்க வரும் பிள்ளையால் அந்தப் பேரத்தை நடத்த முடியாது.