ராணுவ ஓடுதளத்தில் இறங்கும் விமானத்துக்கு டிக்கெட் போடுவதற்கு முன்

புனே, லே, ஸ்ரீநகர், பாக்டோக்ரா, கோவாவின் டபோலிம்: இந்த ஊர்களுக்குப் பறக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். டெர்மினல்தான் விமான நிலைய ஆணையத்தின் பொறுப்பு. ஓடுதளம் விமானப்படையுடையது, டபோலிமில் மட்டும் கடற்படையுடையது. அவர்கள் விட்டுக்கொடுக்கும் நேரத்தில்தான் பயணிகள் விமானம் வந்து போகும்.

அதனால் தேதி முடிவு பண்ணுவதற்கு முன், அந்த ஊர் பெயரோடு 'ரன்வே மூடல்' என்று ஒரு தடவை தேடிவிடுங்கள். 2021 அக்டோபர் 16 முதல் 29 வரை புனேயில் ஒரு பயணிகள் விமானம்கூடக் கிடையாது, ஓடுதள வேலை. 2022 ஏப்ரலில் பாக்டோக்ராவுக்கும் இதே கதி, டார்ஜிலிங் சீசனில். முன்கூட்டியே அறிவித்துத்தான் மூடுகிறார்கள், நாம்தான் பார்ப்பதில்லை.

கோவாவில் இன்னொரு சிக்கல், இப்போது இரண்டு விமான நிலையங்கள். 2023 ஜனவரியிலிருந்து வடக்கே மோபாவிலும் விமானங்கள் இறங்குகின்றன, அங்கே கடற்படை கிடையாது. தெற்கே பலோலம் பக்கம் தங்குகிறீர்களா, டபோலிம். வடக்கே அரம்போல் பக்கமா, மோபா. விலையை மட்டும் பார்த்து மாற்றிப் போட்டால் மிச்சம் பிடித்ததெல்லாம் டாக்ஸிக்கே போய்விடும்.

ஸ்ரீநகரிலிருந்து திரும்பும்போது மூன்று மணி நேரம் முன்னதாகவே கிளம்பிப் போய்விடுங்கள். டெர்மினலுக்கு வெகு முன்னாலேயே வண்டியை நிறுத்தி, ஆளையும் பெட்டியையும் இறக்கி, ஸ்கேன் பண்ணித்தான் உள்ளே விடுவார்கள். செக்-இன் முடிந்தது என்று காபி வாங்கப் போய்விடாதீர்கள்: இங்கேயும் லேயிலும் உங்கள் பெட்டியை நீங்களே அடையாளம் காட்டச் சொல்வார்கள், காட்டாத பெட்டி விமானத்தில் ஏறாது.

போட்டோ, வீடியோ வேண்டவே வேண்டாம், ஜன்னல் வழியாகக்கூட. 2025 மே மாதம் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் போட்ட உத்தரவில், குறிப்பாக மேற்கு எல்லையை ஒட்டிய ராணுவ தளங்களில், 10,000 அடி ஏறும் வரையிலும் இறங்கும்போது அதற்குக் கீழே வந்த பிறகும் ஜன்னல் திரையை மூடச் சொன்னார்கள், அவசர வழி வரிசைக்கு மட்டும் விலக்கு. (லேயின் ஓடுதளமே 10,600 அடிக்கு மேல்தான் இருக்கிறது!) இந்த மாதிரி விதிகள் நிலைமையைப் பொறுத்து மாறும், அன்றைக்குப் பணியாளர் என்ன சொல்கிறாரோ அதைச் செய்தால் போதும்.

சரி, கடைசி நேரத்தில் விமான நிலையத்தையே மூடிவிட்டால்? அதே 2025 மே மாதம், பாகிஸ்தானுடனான மோதலின்போது, 32 விமான நிலையங்களை ஒரே அடியாக மூடினார்கள். விமானம் ரத்தானால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்டு வாங்கலாம், ஆனால் பாதுகாப்புக் காரணம் என்றால் நஷ்ட ஈடு கிடைக்காது. சென்னையிலிருந்து தில்லி வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து லேக்கு வேறொன்று என்று பிரித்துப் போட்டிருந்தால் சென்னை விமானக்காரர் பொறுப்பேற்க மாட்டார். ஒரே பிஎன்ஆரில் போடுங்கள். ஹோட்டல் பணத்துக்கும் விமானக்காரர் பொறுப்பில்லை, ரத்து செய்யக்கூடிய அறையாகப் பார்த்துப் பிடியுங்கள்.