சிலம்பம்: முதல் மாதம் எப்படிப் பழகுவது?

சிலம்பம் பழக வருகிறவர்களுக்கு முதல் நாளே கம்பைச் சுழற்றிவிட வேண்டும் என்று ஆசை இருக்கும். கால் பழகாமல் கை மட்டும் பழகினால் நின்ற இடத்தில் சுற்றலாம். எதிரே ஆள் வந்து நின்றால் தடுமாறிவிடும். அதனால் இந்த வரிசையில் போங்கள்.

முதலில் கம்பு. தரையில் ஊன்றினால் உங்கள் நெற்றி உயரத்துக்கு வர வேண்டும். கணு இழைத்து வழவழப்பாக இருக்கிற, எடை குறைந்த பிரம்பு போதும். கனத்த கம்பு புதியவர்களின் மணிக்கட்டை வாட்டிவிடும்.

வாங்கிய கம்பை ஓரமாக வைத்துவிட்டுக் காலடியைத் தொடங்குங்கள். மண் தரையும் வெறுங்காலும் நல்லது. கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, முழங்காலைச் சற்று மடக்கி, உடல் எடையை முன்பாதத்தில் வையுங்கள். வலது கால் முன்னே, பிறகு பின்னே, அதேபோல் இடது கால், அப்புறம் பக்கவாட்டில். நகரும்போது தலை ஏறி இறங்கக் கூடாது. ஏறி இறங்கினால் முழங்கால் விறைத்துவிட்டது என்று அர்த்தம். சில நிமிடங்களிலேயே தொடை கடுக்கும், மூச்சு வாங்கும், இரண்டு நாளில் சலிப்பும் வரும். பல ஆசான்கள் வாரக்கணக்கில் காலடி மட்டும் போடச் சொல்வார்கள். பொறுமையும் ஒழுங்கும் இங்கேதான் படிகின்றன என்பது என் உறுதியான எண்ணம். தினமும் அரை மணி நேரம், அதே வேளையில் செய்யுங்கள். மூட்டு வலியோ ரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கால் பழகியதும் ஒற்றைக் கையில் சுற்று. சுற்றிலும் கம்பின் நீளத்தைவிட அதிக இடம் காலியாக இருக்கட்டும். கம்பை நடுவில் பிடித்து, உடலின் இரு பக்கமும் எட்டு வடிவில் மெதுவாகச் சுழற்றுங்கள். திரும்ப வேண்டியது மணிக்கட்டு, தோளை இறுக்காதீர்கள். பார்வை நேராக இருக்கட்டும், கம்பின் மேல் போகக் கூடாது. காதைக் கொடுத்துக் கேளுங்கள்: 'விர்'ரென்ற ஓசை இரு பக்கமும் ஒரே சீராக வந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் அடங்கினால் அந்தப் பக்கம் மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை. இடது கை முரண்டு பிடிக்கும். அதற்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

இரு கைப் பிடியில் ஒரு கை கம்பின் அடிமுனைக்கு அருகில், மற்றது ஏறக்குறைய 40 செ.மீ. தள்ளி. இதற்குப் பிறகுதான் காலடியையும் சுற்றையும் சேர்க்க வேண்டும்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. பிள்ளைகளைப் போட்டிக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர் அவசரப்பட வேண்டாம். அடி தடுக்கும் முறையை ஆசான் முன்னிலையில் மட்டுமே பழக வேண்டும். சேர்ப்பதற்கு முன் ஒரு மாலை களத்துக்குப் போய்ப் பாருங்கள். புதிதாக வந்த பிள்ளையின் காலை ஆசான் குனிந்து திருத்துகிறாரென்றால் தயங்காமல் சேர்த்துவிடலாம்.