சிங்க் அடைப்புக்கு அளவான சுடுதண்ணி

அடுப்படி சிங்க்கில் தண்ணீர் மெதுவாக இறங்கினால், பாத்திரம் கழுவும் லிக்விட் 3 ஸ்பூன் ஊற்றி 10 நிமிடம் விடுங்கள். பிறகு கொதித்த தண்ணீர் 2 லிட்டரில் பச்சைத் தண்ணீர் 2 லிட்டர் கலந்து, ஒரே வீச்சில் ஊற்றுங்கள்.

சொதியும் (தேங்காய்ப்பால் குழம்பு) நெய் அல்வாவும் செய்கிற நெல்லை வீடுகளில் அடைப்பது பெரும்பாலும் தேங்காய்க் கொழுப்பும் நெய்யும்தான். தேங்காயெண்ணெய் 25 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில் குழாயின் உள்பக்கம் வெள்ளையாக ஒட்டியிருக்கும். சூடு அதை உருக்கும், சோப்பு மறுபடி ஒட்டவிடாமல் இழுத்துப் போகும். கொதிக்கக் கொதிக்க மட்டும் ஊற்றாதீர்கள், பிவிசி குழாய் இளகி இணைப்பில் கசியும். சிலர் அடைப்பு நீங்கச் சோடா உப்பும் வினிகரும் ஊற்றுவார்கள்; இரண்டும் சேர்ந்தால் நுரைதான் வரும். ஒன்றையொன்று முறித்துவிடும், நெய் அசையாது.

தேங்காய் நார், சோறு அடைத்துத் தண்ணீர் துளியும் இறங்காவிட்டால் இது உதவாது. அடியில் வாளி வைத்து, வளைவுக் குழாயைத் திருகிக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.