ஊருக்குப் போகும் பெட்டிக்கு எந்த டேப்?

கோடை விடுமுறைக்கு ஊர் போகிறவர்கள் டிக்கெட் போட்ட கையோடு யோசிக்கத் தொடங்குவது பெட்டியைப் பற்றித்தான். உள்ளே என்ன வைப்பது என்பதில் வீட்டில் ஆளுக்கொரு கருத்து இருக்கும். டேப்பை மட்டும் டொலர் கடையில் கைக்கு அகப்பட்டதை எடுத்து வருவோம். சித்திக்கு வாங்கிய கம்பளியும் பிள்ளைகளுக்கு வாங்கிய சொக்லேட்டும் கொழும்பு போய்ச் சேரும்வரை அந்த டேப்பை நம்பித்தான் கிடக்கின்றன.

முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள். பெட்டி கப்பலில் போகிறதா, உங்களோடு விமானத்தில் வருகிறதா? இரண்டுக்கும் ஒரே டேப் சரிவராது.

பிரவுனா, கிளியரா என்று நிறம் பார்த்து வாங்குவதில் பயனில்லை. பார்க்க வேண்டியது பசை. கடைகளில் பெரும்பாலும் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று ஹொட் மெல்ட், அதாவது செயற்கை இறப்பர்ப் பசையை உருக்கிப் பூசியது. மற்றது அக்ரிலிக். எது என்று உறையில் எழுதியிருக்கும். எழுதாவிட்டால் பெருவிரலை வைத்துப் பாருங்கள். வைத்தவுடனே விரலைப் பிடித்து இழுப்பது பெரும்பாலும் ஹொட் மெல்ட். கிளியர் டேப்பாக இருந்தால் சுருளில் இலேசான மஞ்சளும் தெரியும். அக்ரிலிக் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும், ஒட்டுவதற்கு ஆறுதலாக நேரம் எடுக்கும்.

ஹொட் மெல்ட்டின் பலம் அந்த முதல் பிடிதான். இப்போதைய மட்டைப்பெட்டிகளில் பல, பழைய கடதாசியை அரைத்துச் செய்தவை. மேற்பரப்பில் தூசியும் குறுநாருமாக இருக்கும். அதிலும் ஹொட் மெல்ட் நன்றாகப் பிடிக்கும். அதற்கு ஆகாதது சூடு. வெயிலில் நிற்கும் கொள்கலனுக்குள் வெப்பம் 50 பாகையைத் தாண்டும். அந்தச் சூட்டில் பசை இளகி, மூடி உள்ளேயிருந்து தள்ளத் தள்ள டேப் மெல்ல மெல்ல வழுக்கும். ரொறன்ரோவில் இறுக்கமாக இருந்த பெட்டி கொழும்பில் வாய் பிளந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். எல்லாப் பழியையும் கார்கோக்காரர் மேல் போட முடியாது.

கப்பல் பயணம் வாரக்கணக்கில் போகும். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கிய பிறகு பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனதால் அது இன்னும் நீண்டது. பகலில் சூடு, இரவில் குளிர். கொள்கலனின் கூரையில் ஈரம் படிந்து சொட்டும். மட்டை ஈரத்தை உறிஞ்சினால் அதன் பலம் பாதியாகக்கூடக் குறையும். ஆகவே கப்பலுக்கு என் தெரிவு அக்ரிலிக். சூடு, வெயில், நாட்பட்ட கிடப்பு எல்லாவற்றையும் தாங்கும். ஆனால் ஒட்டியவுடனே தூக்கிக் கொடுக்காதீர்கள். நன்றாக அழுத்தித் தேய்த்துவிட்டு ஒரு நாளாவது வீட்டுக்குள் வையுங்கள்; அந்தப் பசை முழுப் பிடிப்புக்கு வர நேரம் வேண்டும். கார்கோக்காரர் சனிக்கிழமை பெட்டி எடுக்க வருகிறார் என்றால் வெள்ளிக்கிழமை காலையிலேயே ஒட்டி முடித்துவிடுங்கள்.

விமானத்தில் உங்களோடு வரும் பெட்டிக்கு ஹொட் மெல்ட் போதும். இரண்டு நாள் பயணம், எறிந்து எடுப்பார்கள், உடனடிப் பிடிதான் முக்கியம்.

அடுத்தது தடிப்பு. வட அமெரிக்காவில் ‘மில்’ என்றும் ஐரோப்பாவில் மைக்ரோன் என்றும் போடுவார்கள். 1 மில் என்பது 25.4 மைக்ரோன். மலிவு டேப் 1.6 மில் அளவில் இருக்கும். இழுக்கும்போதே நீளவாக்கில் கிழிந்து, நுனியைத் தேடி நகத்தால் சுரண்ட வைக்கும். 23 கிலோ பெட்டிக்கு 2.5 மில்லுக்குக் குறைந்ததை வாங்காதீர்கள். அகலம் 48 மி.மீ.; உறையில் 1.88 அங்குலம் என்று இருப்பதும் அதுதான்.

சாம்பல் நிற டக்ட் டேப் பலமானது என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் உண்டு. மட்டைக்கு அது வேண்டாம். பார்க்கத்தான் தடிப்பு, சூட்டில் பசை வழுக்கும். மாஸ்கிங் டேப் பற்றிப் பேசவே தேவையில்லை. கயிறு கட்டுவதும் வேண்டாம். விமான நிலையத்து பெல்ட்டில் சிக்கும், சில இடங்களில் கயிறு கட்டிய பெட்டியை எடுக்கவே மாட்டார்கள். பாரமான பெட்டிக்குச் சுற்றுக்கட்டு வேண்டுமென்றால் கண்ணாடி இழை ஓடும் ஃபிலமென்ட் டேப் இருக்கிறது, அதை வாங்குங்கள்.

ஒட்டும் முறை எளிது. நடு இணைப்பில் ஒன்று, இரண்டு ஓரங்களில் ஒவ்வொன்று. மேலிருந்து பார்த்தால் ஆங்கில எச் எழுத்து தெரிய வேண்டும். ஒவ்வொரு நுனியும் பக்கச் சுவரில் 3 அங்குலம் இறங்க வேண்டும். நடுவில் இன்னொரு பட்டி போட்டால் மனம் நிம்மதி. 18க்கு 18க்கு 20 அங்குலப் பெட்டிக்கு மேலும் கீழுமாக இப்படி ஒட்டினால் ஏறக்குறைய 5 மீட்டர் செலவாகும். 50 மீட்டர் சுருள் ஒன்றில் பத்துப் பெட்டி ஒட்டலாம். அந்த அளவுப் பெட்டியின் மூன்று பக்கங்களையும் கூட்டினால் 142 செ.மீ.; பல விமான நிறுவனங்கள் விதிக்கும் 158 செ.மீ. எல்லைக்குள் அடங்கும். கீழ்ப்பக்கத்தை நிரப்புவதற்கு முன்பே ஒட்டுங்கள். நிரப்பிய பிறகு கவிழ்த்து ஒட்டுவது இடுப்புக்குக் கேடு.

மார்கழியில் போகிறவர்கள் கராஜுக்குள் நின்று ஒட்டாதீர்கள். குளிரில் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது. டேப், பெட்டி இரண்டையும் ஓர் இரவு வீட்டுக்குள் வைத்துவிட்டு ஒட்டுங்கள். மதுக்கடையில் எடுத்த பழைய பெட்டி என்றால் பழைய டேப்பின் மேல் புதிய டேப் வேண்டாம். வெறும் மட்டையில் பிடிப்பதுபோல அதில் பிடிக்காது. பழைய டேப்பைக் கத்தியால் வெட்டி எடுத்துவிடுங்கள்.

களவுக்குப் பயந்து பெட்டி முழுவதும் பொன்னாடை போர்த்தியதுபோல டேப் சுற்றுவார்கள். சுங்கத்தில் திறந்து காட்டச் சொன்னால் அத்தனையையும் வெட்ட வேண்டும், பெட்டியும் சேர்ந்து கிழியும். அதைவிட, டேப்பிலும் மட்டையிலும் பாதிப் பாதியாக விழும்படி மார்க்கரால் கையெழுத்து வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது வெட்டி மறுபடி ஒட்டினால் கோடு பொருந்தாது. பெயரையும் விலாசத்தையும் டேப்பின் மேல் எழுதாதீர்கள், அழிந்துவிடும். மட்டையில் எழுதி அதன்மேல் கிளியர் டேப் போடுங்கள். உள்ளேயும் ஒரு தாளில் விலாசம் இருக்கட்டும்.

திரும்பி வரும்போதுதான் சோதனை. அம்மா இடித்துத் தந்த மிளகாய்த்தூள், நல்லெண்ணெய்ப் போத்தல், புழுக்கொடியல் எல்லாம் பெட்டிக்குள் ஏறும். மட்டையில் தூள் பட்டாலோ எண்ணெய் பட்டாலோ எந்த டேப்பும் பிடிக்காது. சாமான் அடுக்கி முடித்து, கை கழுவி, மூடியைக் காய்ந்த துணியால் துடைத்த பிறகே சுருளைத் தொடுங்கள். ஊர்க் கடைகளில் கிடைப்பவற்றில் மெல்லிய டேப் அதிகம். போகும்போதே ஒரு நல்ல சுருளைக் கொண்டுபோய்விடுங்கள்.

எடை பார்த்த பிறகு ஒட்டுங்கள், முன்பல்ல. கட்டுநாயக்காவில் 25 கிலோ காட்டினால் அங்கேயே திறந்து புழுக்கொடியலைக் கைப்பைக்கு மாற்ற வேண்டிவரும். கத்தரிக்கோலோ கட்டரோ கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் சிக்கல். அதனால் மீண்டும் ஒட்ட, கையால் கிழிக்கக்கூடிய டேப் ஒன்றைக் கைப்பையில் வைத்திருங்கள். அதன் உறையில் அப்படி எழுதியிருக்கும்.