கராஜில் நன்றாகத்தான் ஓடியது: மலை ஸ்னோமொபைலைப் பிரித்து மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் கால்கரியில் நவம்பர் பிறந்துவிட்டால் இரவு பத்து மணிக்கும் சில கராஜ் கதவுகளின் அடியில் வெளிச்சம் தெரியும். உள்ளே எவராவது பனியில் ஓட்டும் வண்டியான ஸ்னோமொபைல் ஒன்றை, பழையதை, கழற்றிப் பரப்பி வைத்துக்கொண்டு, எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டிருப்பார். (இங்கே யாரும் முழுப் பெயரைச் சொல்வதில்லை, ஸ்லெட் என்றுதான் பேச்சு.) நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். என்னுடையது 2000களின் நடுவில் வந்த 800 சிசி இரட்டை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக், இரண்டு கார்புரேட்டர், 151 அங்குல டிராக் (பனியை வாரித் தள்ளி வண்டியை நகர்த்தும் ரப்பர் பட்டை). ஒரு பிஸ்டன் எரிந்துபோன நிலையில் மலிவாகக் கிடைத்தது. புது பிஸ்டன் வாங்கி மாட்டி, கராஜ் வாசலில் ஸ்டார்ட் செய்தேன், மணி மணியாக ஓடியது. அடுத்த சனிக்கிழமை 400 கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போய் ரெவல்ஸ்டோக் என்ற மலையூரில் இறக்கினேன். மதியச் சாப்பாட்டுக்குள் அதே பக்கத்து பிஸ்டன் மறுபடி போய்விட்டது.

என்ன தவறு? பிஸ்டனை மாற்றினேனே தவிர, முதல் பிஸ்டன் ஏன் எரிந்தது என்று கேட்கவே இல்லை. இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறு இதுதான், கிட்டத்தட்ட எல்லோரும் ஒருமுறை செய்துவிடுகிறார்கள். செத்த பிஸ்டனைக் குப்பையில் போடாதீர்கள். மேசையில் வைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் உரசல் இருந்தால் பெட்ரோல் கலவை மெலிந்திருக்கிறது (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு), அல்லது ஆயில் போதவில்லை. நான்கு மூலைகளிலும் கோடு விழுந்திருந்தால் குளிர்ந்த இன்ஜினில் சூடேறுவதற்கு முன்பே திராட்டிலை முழுசாக அழுத்தியிருக்கிறார்கள்: அலுமினியப் பிஸ்டன் சீக்கிரம் விரிந்துவிட்டது, குளிர்ந்த கூலன்ட் சூழ்ந்த சிலிண்டர் இன்னும் விரியவில்லை, இரண்டும் பிடித்துக்கொண்டன. தலையில் ஓட்டை விழுந்திருந்தால் கதை வேறு, அது பெரும்பாலும் மட்டமான பெட்ரோல், பொருந்தாத ஸ்பார்க் பிளக், மெலிந்த கலவை இவற்றில் ஒன்றோ எல்லாம் சேர்ந்தோ செய்த வேலை. ஒரு சிலிண்டர் மட்டும் போயிருந்தால், அந்தப் பக்கத்துக்கு மட்டும் சொந்தமான ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது என்று அர்த்தம். என் ஸ்லெட்டில் அது கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் பூட். மேலிருந்து பார்த்தால் புதுசு மாதிரி இருந்தது, அடியில் நகத்தளவு வெடிப்பு. அது வழியாகக் காற்று உள்ளே போய், கலவை மெலிந்து, பிஸ்டன் வெந்துவிட்டது.

இதைப் பிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது, செலவும் அதிகமில்லை. இன்டேக் பக்கத்தையும் எக்ஸாஸ்ட் வாயையும் அடைத்துவிட்டு, கை பம்பால் 6 அல்லது 7 பிஎஸ்ஐ அழுத்தம் ஏற்றி, கேஜைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். நிமிடத்துக்கு ஒரு பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது. சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். ரப்பர் பூட், அடி கேஸ்கெட், கிராங்கின் இரண்டு முனை ஆயில் சீல்கள், இவைதான் வழக்கமான திருடர்கள். கம்ப்ரஸரை நேராக மாட்டி வேகமாக அழுத்தம் ஏற்றுகிறவர்களும் உண்டு, நல்ல சீலையும் அவர்களே வெளியே தள்ளிவிடுவார்கள். இந்த டெஸ்ட்டை இன்ஜின் பிரிக்கும் முன் ஒருமுறை, மாட்டிய பின் ஒருமுறை செய்யுங்கள். நான் இரண்டாம் தடவைதான் கற்றுக்கொண்டேன்.

அப்புறம் சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ். கால்கரி கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது, இங்கே காற்றே மெலிசு, ஆகவே புத்தகத்தில் கடல் மட்டத்துக்குச் சொன்ன எண் இங்கே வராது. நண்பர் ஒருவர் அந்த எண் வரவில்லையே என்று நல்ல ரிங்கையெல்லாம் கழற்றி எறிந்தார். இரண்டு சிலிண்டர்களுக்கும் நடுவே வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள், பத்து சதவீதத்துக்குள் இருந்தால் பதற வேண்டாம்.

ஊரில் ஆர்எக்ஸ் 100 பிரித்துப் பழகியவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. அந்த பைக்கில் சிலிண்டர் தேய்ந்தால் லேத்தில் கொடுத்து போர் செய்து, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போட்டுக்கொள்ளலாம், உள்ளே இருப்பது வார்ப்பிரும்பு. இந்த ஸ்லெட் இன்ஜின்களில் அலுமினியச் சிலிண்டரின் உட்சுவரில் நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் கலந்த மெல்லிய பூச்சு இருக்கும், நிக்கசில் என்பார்கள். சாதாரண ஹோனிங் கல்லைப் போட்டுத் தேய்த்தால் பலன் கிடையாது, பூச்சு உரிந்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். பிஸ்டனிலிருந்து ஒட்டிய அலுமினியத்தை மட்டும் நீக்கிவிட்டு, பூச்சு முழுசாக இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால் மறுபூச்சு போடும் கடைக்கு அனுப்புவதுதான் வழி.

பிஸ்டன் உடைந்த இன்ஜினில் மேல்பாதியை மட்டும் மாற்றி மூடுவதும் இதே ரகத் தவறு. உடைந்த துகள் எங்கே போயிருக்கும்? கீழே, கிராங்க் பேரிங்குக்குள். நன்றாகக் கழுவி, கிராங்கைக் கையால் சுற்றி, கனெக்டிங் ராடை மேலும் கீழும் இழுத்துப் பார்த்து, கரகரப்பு இருந்தால் முழுசாகப் பிரியுங்கள். சோம்பல்பட்டால் அந்தத் துகள் புது பிஸ்டனுக்கும் வேலை வைக்கும். சில்லறை விஷயங்களையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: பிஸ்டன் தலையில் இருக்கும் அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்க வேண்டும், பின்னைப் பிடிக்கும் சர்க்ளிப்பை இரண்டாம் முறை பயன்படுத்தக் கூடாது, அதன் வாய் நேர் மேலேயோ நேர் கீழேயோ இருக்க வேண்டும், ரிங் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும், ஆயில் பம்ப் குழாயில் காற்று இல்லாமல் வெளியேற்ற வேண்டும். கடைசியாகச் சொன்னதை மறந்தால் முதல் ஐந்து நிமிடத்திலேயே கணக்கு முடிந்துவிடும்.

சரி, இன்ஜின் முடிந்தது. இனிதான் மலை ஸ்லெட்டுக்கே உரிய சிக்கல் தொடங்குகிறது. நீங்கள் வேலை செய்யும் கராஜ் ஒரு உயரத்தில் இருக்கிறது, ஓட்டப்போகும் மலை வேறு உயரத்தில். 300 மீட்டர் ஏறினால் டர்போ இல்லாத இன்ஜின் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும். 2,100 மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், 150 குதிரைத்திறன் என்று வாங்கியது அங்கே 120தான். கார்புரேட்டர் ஸ்லெட்டில் மேலே போகப் போகச் சின்ன மெயின் ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள திருகு) போட வேண்டும், ஏனென்றால் காற்று குறைகிறது. இதை எல்லோரும் செய்துவிடுகிறார்கள். திரும்பி வந்து மாற்ற மறப்பதுதான் ஆபத்து. மலை உச்சிக்கு ஏற்ற ஜெட்டோடு, மைனஸ் 25 டிகிரியில், 700 மீட்டர் உயரத்துப் பண்ணை வயலில் மச்சினனுக்கு ஒரு ரவுண்டு கொடுத்தால் என்ன ஆகும்? குளிர்ந்த காற்று கனமானது, தாழ்வான இடத்தில் இன்னும் கனம், பெட்ரோலோ அதே பழைய அளவு. பிஸ்டன் அங்கேயே போய்விடும். பெரிய ஜெட்டால் அதிகபட்சம் புகையும் திணறலும் வரும், பிஸ்டன் பிழைத்துக்கொள்ளும்.

எனக்கு எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன், இந்தத் தொல்லையே இல்லை என்பவர்களுக்கு: பெட்ரோலைக் கம்ப்யூட்டர் சரிசெய்துவிடும், கிளட்சை அது சரிசெய்யாது. முன் கிளட்சுக்குள் இருக்கும் எடைகள் சுழற்சி வேகத்தில் வெளியே விரிந்துதான், சக்தியைப் பின் கிளட்சுக்குக் கொண்டுபோகும் பெல்ட்டைப் பிழிகின்றன. 800 சிசி இன்ஜின்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 8,000 சுற்றை ஒட்டித்தான் முழு சக்தியைக் கொடுக்கும். சமதளத்துக்கு ஏற்ற எடையோடு மேலே போனால், இளைத்த இன்ஜினால் அந்த எடையைத் தாண்டிச் சுற்ற முடியாது, 7,400இல் நின்று முனகும். உடனே நம் ஆள் என்ன நினைப்பார்? இன்ஜினில் சக்தி பத்தவில்லை என்று புது எக்ஸாஸ்ட் பைப்புக்கு ஆர்டர் போடுவார். ஆயிரம் டாலர் பைப்பு செய்யாததை எடை குறைந்த ஒரு செட் செய்துவிடும். முழுத் திராட்டிலில் மீட்டர் என்ன சுற்று காட்டுகிறது என்று பாருங்கள். குறைந்தால் எடையைக் குறையுங்கள், கூடினால் கூட்டுங்கள். ஸ்பிரிங்கையும் பின் கிளட்சின் ஹெலிக்ஸையும் (அதிலுள்ள சாய்வுத் தடம்) அதற்குப் பிறகு தொடுங்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று யாருக்கும் தெரியாது.

கிளட்சைக் கழற்ற அந்த மாடலுக்கு உரிய புல்லர் வேண்டும். கடப்பாரை போட்டு நெம்பியவர்களின் கிளட்ச் ஷீவ் (பெல்ட்டைப் பிடிக்கும் தட்டு) வளைந்து, ஓட்டும்போது கை மரத்துப்போகும் அளவுக்கு அதிரும். பிரிப்பதற்கு முன் பாகங்களின் மேல் மார்க்கரால் கோடு போடுங்கள், அது பேலன்ஸ் செய்யப்பட்ட பொருள், மாற்றி மாட்டினாலும் அதே அதிர்வுதான். கிராங்கின் கூம்பு முனையில் கிரீஸ் தடவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அடுத்த முறை சுலபமாக வருமாம். அங்கே பிடிப்பதே உரசல்தான், சுத்தமாகத் துடைத்து உலர்ந்த நிலையில் மாட்டி, டார்க் ரெஞ்சால் புத்தகம் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள்.

மேம்பாடு என்றாலே முதலில் டிராக். ஆழமான பனியில் மிதக்க நீளமும் உயரமான லக்கும் (டிராக்கின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் பற்கள்) வேண்டும், அதில் தப்பில்லை. ஆனால் நீளத்தை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். பிட்ச் என்று ஒன்று இருக்கிறது, ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் உள்ள இடைவெளி: 2.52, 2.86, 3 அங்குலம் என்று பல. இழுக்கும் டிரைவர் சக்கரத்தின் பற்கள் அதே பிட்சில் இல்லாவிட்டால் டிராக் மாட்டவே மாட்டாது. பிட்ச் சரியாக இருந்தும் லக் உயரம் கூடினால் டிராக்கை மேலே மூடியிருக்கும் டனலுக்குள் உள்ள கூலரில் இடிக்கும். பழைய வண்டிகளில் 8 பல் டிரைவரை 7 பல்லாக மாற்றி இடம் உண்டாக்குவார்கள், அப்படிச் செய்தால் கியர் விகிதமும் மாறுகிறது, செயின் கேஸைத் திறந்து அதற்கும் கணக்குப் போட வேண்டும். ஒன்றைத் தொட்டால் மூன்று வேலை. எடை குறைக்கிறேன் என்று டிராக்குக்குள் இருக்கும் சட்டமான ஸ்கிட்டிலிருந்து சக்கரங்களைக் கழற்றுவதும் வேண்டாம், பார்க்கிங்கிலிருந்து மலைக்குப் போகும் இறுகிய பாதையில் பிளாஸ்டிக் ஸ்லைடு உருகி வழியும்.

சிலிண்டர் ஹெட்டை மாற்றிக் கம்ப்ரஷனைக் கூட்டுவதைப் பற்றி ஒரே வரி: மலையடிவார பெட்ரோல் பங்க்கில் அதற்குத் தாங்கும் உயர் ஆக்டேன் பெட்ரோல் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். டர்போ ஆசை இருந்தால், பழைய இன்ஜினில் கிட் மாட்டுவதைவிட, தொழிற்சாலையிலேயே டர்போவோடு வரும் வண்டிக்குக் காசு சேர்ப்பது நல்லது என்பது என் கட்சி. ஸ்கி-டூ 2020 மாடலிலேயே அதைக் கொடுத்துவிட்டார்கள், பின்னால் போலாரிஸும் வந்தது.

கேஸ் ஷாக் அப்சார்பரை வீட்டில் திறக்காதீர்கள், உள்ளே நைட்ரஜன் அழுத்தத்தில் இருக்கிறது. டனலில் வெடிப்பு இருந்தால் அலங்கார ரிவெட் பத்தாது, கனமான ஸ்ட்ரக்சுரல் ரிவெட் வேண்டும்.

கராஜ் என்பதாலேயே வரும் ஆபத்துகளும் இருக்கின்றன. வெளியே மைனஸ் 20, கதவைத் திறக்க யாருக்கும் மனசு வராது, ஒரே நிமிடம்தானே என்று மூடிய கராஜில் ஸ்டார்ட் செய்வார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, கராஜை ஒட்டித்தான் குழந்தைகள் தூங்கும் அறையும் இருக்கும். பெட்ரோலில் பாகம் கழுவும்போது கேஸ் ஹீட்டரை அணையுங்கள். ஸ்டாண்டில் தூக்கி டிராக்கைச் சுழற்றும்போது பின்னால் யாரும் நிற்கக் கூடாது, பெல்ட் மூடியும் கழற்றிய நிலையில் இருக்கக் கூடாது, அறுந்த பெல்ட் எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, இந்த வண்டியைக் குளிர்விப்பது டிராக் வாரி அடிக்கும் பனிதான், கராஜில் பனி ஏது? கொஞ்ச நேரத்திலேயே கொதிக்கத் தொடங்கும்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பைப்புக்கும் டிராக்குக்கும் செலவழித்துவிட்டு, பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் டிரான்ஸீவரை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்களோடு நான் மலைக்குப் போவதில்லை. 2010 மார்ச் 13 அன்று ரெவல்ஸ்டோக்கை ஒட்டிய போல்டர் மலையில், ஸ்னோமொபைல்காரர்கள் திரளாகக் கூடியிருந்த இடத்தில் சரிவு விழுந்து 2 பேர் இறந்தார்கள். வண்டிக்கு சக்தி கூடக் கூட முன்பு ஏற முடியாத செங்குத்துச் சரிவுகளில் ஏறத் தோன்றும். டிரான்ஸீவர், துழாவும் கம்பு, மண்வெட்டி மூன்றையும் வாங்கி, பயன்படுத்திப் பழகி, மிச்சக் காசில் பைப் வாங்குங்கள்.

முதல் நாள் ஓட்டும்போது ட்ரெய்லரிலிருந்து இறக்கியதும் பறக்காதீர்கள். கூலன்ட் 40 டிகிரியைத் தொடும் வரை மெதுவாக விடுங்கள், புது பெல்ட்டுக்கும் கொஞ்ச தூரம் பழக நேரம் கொடுங்கள், மேலே போனதும் பத்து நிமிடம் நிறுத்தி எங்காவது ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள். மாலை வீட்டுக்கு வந்ததும் இன்ஜின் ஆறிய பிறகு கிளட்ச் போல்ட்டை மறுபடி டார்க் ரெஞ்சில் பாருங்கள், பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள், உயரம், வெப்பநிலை, ஜெட் எண், எடை, மீட்டர் காட்டிய சுற்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். என் நோட்டு நான்காவது குளிர்காலத்தில் இருக்கிறது, ஆயில் கறை படிந்து பாதி எழுத்து தெரியவில்லை. முதல் பக்கத்தில் மட்டும் பெரிய எழுத்தில் ஒரு வரி பளிச்சென்று இருக்கிறது: "ரப்பர் பூட்டைக் கழற்றி அடியில் பார்."