கீழே கடை, மேலே வீடு: இரும்புச் சட்டகத்தில் கட்டுவது எப்படி?

இருபது அடி அகலத்தில் நடுவில் தூணே இல்லாத கடை, அதற்கு மேல் குடியிருக்க ஒரு வீடு. கடைத்தெருவில் சொந்த இடம் வைத்திருப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். கான்கிரீட்டிலும் செய்யலாம். ஆனால் அந்த அகலத்துக்குப் பீம் ஒன்றரை அடி கீழே தொங்கும், செண்ட்ரிங் முட்டு இரண்டு மூன்று வாரம் கடைக்குள் நிற்கும். இரும்பில் பீம் ஒரு அடிக்குள் முடிந்துவிடும். பட்டறையில் செய்து கொண்டுவந்து இரண்டே நாளில் நிறுத்திவிடலாம்.

இப்படி ஒரு கட்டடத்தை எடுத்துக்கொண்டு வேலை எந்த வரிசையில் போக வேண்டும் என்று சொல்கிறேன். கணக்குப் போடுவது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் வேலை. அவர் தரும் வரைபடத்தை நீங்கள் புரிந்துகொண்டு, சைட்டில் நின்று சரிபார்க்க இது உதவும்.

படி 1: எந்த இரும்பு என்று தெரிந்துகொள்ளுங்கள்

கான்கிரீட்டுக்குள் போகும் கம்பி வேறு, சட்டகத்துக்கு வரும் இரும்பு வேறு. ஐஎஸ் என்பது இந்தியத் தர விதி. கம்பிக்கு ஐஎஸ் 1786, பீம், சேனல், ஆங்கிள், பிளேட்டுக்கு ஐஎஸ் 2062. "கம்பியே 500 கிரேடு வருகிறது, பீம் மட்டும் ஏன் 250?" என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. ஈ250 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன் விசை வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்று பொருள். ஈ350-ம் கிடைக்கிறது. ஆனால் வீட்டுத் தளத்துப் பீமில் பெரும்பாலும் முதலில் சிக்கலாவது தொய்வு, அதாவது பீம் நடுவில் கீழே வளைவது. எந்த கிரேடு வாங்கினாலும் இரும்பின் விறைப்பு ஒன்றேதான். விலை கூடிய கிரேடு வாங்கினால் தொய்வு குறையாது, பீமின் உயரத்தைக் கூட்டினால்தான் குறையும்.

படி 2: பாரத்தைக் கூட்டிப் பாருங்கள்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். மேல்தளம் 125 மி.மீ. கான்கிரீட் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 310 கிலோ. டைல்ஸ், பூச்சு எல்லாம் சேர்த்து 100 கிலோ. குடியிருப்புக்கு ஆள், சாமான் பாரம் 200 கிலோ எடுக்கச் சொல்கிறது விதி. மொத்தம் 610 கிலோ. மேலேயும் கடை வைப்பதாக இருந்தால் அந்த 200 என்பது 400 ஆகிவிடும். அதனால் "பின்னால் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடாமல், மேல்மாடியில் என்ன வரப்போகிறது என்பதை முதல் நாளே இன்ஜினியரிடம் சொல்லிவிடுங்கள்.

பீம்களை 2 மீட்டர் இடைவெளியில் வைத்தால் ஒவ்வொரு பீமும் தன் நீளத்தில் மீட்டருக்கு 1,220 கிலோ சுமக்கும். தன் எடையையும் சேர்த்தால் 1,250-ஐத் தாண்டும். இனி மூன்று அளவுகளை ஒப்பிடுவோம். ஐஎஸ்எம்பி என்பது இந்தியத் தர அளவில் வரும் ஐ பீம், பின்னால் வரும் எண் அதன் உயரம் மி.மீ.யில். 6 மீட்டர் நீளத்தில் ஐஎஸ்எம்பி 200 பலத்திலேயே தோற்றுவிடும். ஐஎஸ்எம்பி 250 பலத்தில் ஜெயிக்கும், ஆனால் நடுவில் ஏறத்தாழ 20 மி.மீ. தொய்யும். ஐஎஸ்எம்பி 300 போட்டால் தொய்வு 12 மி.மீ. அளவில் நிற்கும். 20 மி.மீ. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மேலே ஒட்டிய டைல்ஸுக்கும் குறுக்கே கட்டிய அரைச் செங்கல் சுவருக்கும் தெரியும். முதல் வருடமே விரிசல் விழும். வீட்டுக்கு நான் 300-ஐத்தான் சொல்வேன்.

காற்றையும் மறக்கக் கூடாது. விதிப்படி சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், மதுரைக்கும் கோவைக்கும் 39. வேகத்தின் வித்தியாசம் சிறியதாகத் தெரிந்தாலும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது: சதுர மீட்டருக்குச் சென்னையில் சுமார் 150 கிலோ, மதுரையிலும் கோவையிலும் சுமார் 93 கிலோ. மாடியில் ஷீட் கூரை போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் எத்தனை ஷீட் கூரைகளைத் தூக்கி எறிந்தது என்பதைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஷீட் கூரையைப் பொறுத்தவரை கீழே அழுத்தும் பாரத்தைவிட மேலே இழுக்கும் காற்றுதான் ஆபத்து.

படி 3: பக்கவாட்டில் எது தாங்குகிறது என்று கேளுங்கள்

தூணும் பீமும் மட்டும் போல்ட்டில் மாட்டிய சட்டகம், நான்கு ஆணி அடித்த ஜன்னல் சட்டம் மாதிரி. ஓரத்தில் தள்ளினால் சாயும். சாயாமலிருக்கக் குறுக்குச் சட்டம், அதாவது பிரேசிங் வேண்டும். பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டிய இரண்டு பக்கங்களிலும், பின்பக்கத்திலும் எக்ஸ் வடிவில் கொடுத்துவிடலாம். சிக்கல் முன்பக்கம். அங்கே ஷட்டர் வர வேண்டும், குறுக்கே எதையும் வைக்க முடியாது. ஆகவே முன்பக்கத் தூணும் பீமும் சேரும் மூலையைத் திருகாத மூலையாகச் செய்ய வேண்டும்: பீமின் நுனியில் கனமான பிளேட்டை வெல்ட் செய்து, பீமின் மேல் விளிம்புப் பக்கமும் கீழ் விளிம்புப் பக்கமும் தூணோடு போல்ட் போடுவது. உள்ளே இருக்கும் சாதாரணப் பீம்களுக்கு வயிற்றுப் பகுதியில், அதாவது மேல், கீழ் விளிம்புகளுக்கு நடுவே நிற்கும் தகட்டில், இரண்டு ஆங்கிள் துண்டு வைத்து மாட்டினால் போதும். வரைபடத்தில் இந்த இரண்டு வகை இணைப்பும் தனித்தனியாகப் பெரிதாக வரைந்திருக்க வேண்டும். "ஃபேப்ரிகேட்டர் (பட்டறைக்காரர்) பார்த்துக்கொள்வார்" என்று விட்டிருந்தால் வரைபடத்தைத் திருப்பிக் கொடுங்கள். இரும்புக் கட்டடத்தில் நான் பார்த்த பழுதுகள் ஏறக்குறைய எல்லாமே இணைப்பில் வந்தவைதான். பீம் நடுவில் முறிந்து நான் பார்த்ததில்லை.

படி 4: வாங்கும்போது

ஐ பீம் பொதுவாக 12 மீட்டர் நீளத்தில் வரும். உங்கள் பீம் 6 மீட்டருக்குள் முடிந்தால் ஒன்றில் இரண்டு கிடைக்கும். 6.3 மீட்டர் ஆகிவிட்டால் ஒவ்வொன்றிலும் 5.7 மீட்டர் மிச்சமாகி ஓரத்தில் கிடக்கும். பிளான் போடும்போதே தூண் இடைவெளியை இதற்கேற்ப ஒரு ஜாண் நகர்த்த முடியுமா என்று பாருங்கள்.

வெர்னியர் காலிப்பர் ஒன்று கையில் வைத்திருங்கள். ஐஎஸ்எம்பி 250 என்றால் உயரம் 250, விளிம்பு அகலம் 125, நடு வயிறு 6.9 மி.மீ. கனம், மீட்டருக்கு 37.3 கிலோ. ஆக 12 மீட்டர் நீளம் ஒன்று ஏறத்தாழ 448 கிலோ. சிறிது கூடக் குறைய இருப்பது இயல்பு. எடைமேடையில் இதைவிட நிறையக் குறைந்தால் வயிறு மெலிந்த சரக்கு என்று அர்த்தம். பழைய இரும்பை மறுபடி உருட்டி விற்பவர்களிடம் இது நடக்கும். மில் தரும் சோதனைச் சான்றிதழைக் கேட்டு, அதிலிருக்கும் ஹீட் நம்பரும் (எந்த உருக்கில் வந்த இரும்பு என்று சொல்லும் எண்) பீமில் எழுதியிருக்கும் நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். பிளேட்டுக்கு ஒரு எளிய கணக்கு: ஒரு சதுர மீட்டர், ஒரு மி.மீ. கனம், 7.85 கிலோ.

படி 5: அஸ்திவாரமும் ஆங்கர் போல்ட்டும்

என் தொடக்க காலத்து வேலை ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். இரும்புத் தூண் உட்காரும் கான்கிரீட் மேடைதான் பெடஸ்டல். அதற்குக் கான்கிரீட் போடும் முன், தூணைப் பிடிக்கும் நான்கு ஆங்கர் போல்ட்டையும் மேடையின் கம்பியோடு கட்டுக்கம்பியால் கட்டிவிட்டோம். வைப்ரேட்டர் விட்டதும் ஒரு போல்ட் நகர்ந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. தூண் வந்து இறங்கிய அன்று அதன் அடியில் உள்ள பேஸ் பிளேட்டின் நான்காவது ஓட்டை 14 மி.மீ. தள்ளி நின்றது. வெல்டர் கேஸ் கட்டரை எடுத்து ஓட்டையைப் பெரிதாக்கக் கிளம்பிவிட்டார். நிறுத்தினேன். புதுப் பிளேட் வெட்டி, சரியான இடத்தில் துளையிட்டு மாற்றுவதற்குள் இரண்டு நாளும் கிரேன் வாடகையும் போயின.

அன்றிலிருந்து இப்படித்தான் செய்கிறேன். பேஸ் பிளேட் அளவிலேயே 12 மி.மீ. பிளைவுட்டில் ஒரு அச்சு வெட்டி, அதே இடங்களில் துளை போட்டு, நான்கு போல்ட்டையும் அதில் மேலும் கீழும் நட் போட்டு இறுக்கிவிடுவேன். அச்சின் நடுக்கோட்டை நூல் கட்டிய கோட்டோடு பொருத்தி, பெட்டியோடு ஆணி அடித்துவிடுவேன். கான்கிரீட் முடிந்த அரை மணி நேரத்துக்குள், கான்கிரீட் இளகியிருக்கும்போதே, மறுபடி டேப் பிடித்து அளப்பேன். போல்ட் மரையில் கிரீஸ் தடவி, பாலிதீன் சுற்றி வைப்பேன். சிமெண்ட் ஒட்டிய மரையில் நட் ஏறாது.

பெடஸ்டல் தலை தரைமட்டத்துக்கு மேல் அரை அடியாவது உயர்ந்திருக்கட்டும். கடையைக் கழுவும் தண்ணீர் தினமும் பேஸ் பிளேட்டில் தேங்கினால் அங்கேதான் முதலில் துரு பிடிக்கும்.

படி 6: பட்டறையில் நின்று பாருங்கள்

முடிந்தவரை வெல்டிங் முழுவதும் பட்டறையிலேயே நடக்கட்டும், சைட்டில் போல்ட் மட்டும் முடுக்கட்டும். ஐஎஸ் 800-ம் இதைத்தான் சொல்லாமல் சொல்கிறது. பட்டறை வெல்டின் பலத்தைக் கணக்கிடும்போது 1.25-ஆல் வகுக்கச் சொல்லும் விதி, சைட் வெல்டுக்கு 1.5-ஆல் வகுக்கச் சொல்கிறது. ஏணியில் நின்று தலைக்கு மேல் பிடிக்கும் வெல்டும், மேசையில் திருப்பி வைத்துப் பிடிக்கும் வெல்டும் ஒன்றாகுமா?

பார்க்க வேண்டியவை இவை. கசடு முழுவதும் தட்டி எடுத்திருக்கிறதா? சிப்பிங் சுத்தியலால் நீங்களே தட்டிப் பாருங்கள். வரைபடத்தில் வெல்ட் 6 மி.மீ. என்றால் கேஜ் வைத்து இரண்டு பக்கமும் 6 இருக்கிறதா? ஓரத்தில் பள்ளம் தோண்டியது போல் இருந்தால் அதை நிரப்பச் சொல்லுங்கள். முன்பக்க மூலை இணைப்புகளுக்கு மட்டுமாவது சிவப்புச் சாயச் சோதனை செய்யுங்கள். சாயத்தைத் தடவி, துடைத்து, வெள்ளைப் பொடி ஸ்பிரே அடித்தால் மேற்பரப்பில் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு கசிந்து வரும். மழைக்காலத்தில் வெல்டிங் ராடு ஈரம் குடிக்கும். முக்கியமான இணைப்புக்கு 7018 ராடு போடுகிறார்கள் என்றால் அடுப்பில் சூடாக்கிய பிறகுதான் பயன்படுத்த வேண்டும், திறந்த பாக்கெட்டிலிருந்து அப்படியே எடுக்கக் கூடாது.

துளைகளை டிரில்லில் போடச் சொல்லுங்கள். 20 மி.மீ. போல்ட்டுக்கு 22 மி.மீ. துளை. போல்ட் தலையில் 8.8 என்று பொறித்திருக்க வேண்டும். புள்ளிக்கு முன்னால் உள்ள 8, அறும் பலம் சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் என்பதைச் சொல்கிறது. பின்னால் உள்ள 8, அதில் 80 சதவீதத்தில் நீள ஆரம்பிக்கும் என்பதை. 4.6 போல்ட் பார்ப்பதற்கு அதே மாதிரி இருக்கும், பலம் பாதிதான்.

பெயிண்ட் விஷயத்தில் அவசரம் வேண்டாம். துருவும், மில்லிலிருந்து வரும் கருநீலச் செதிலும் போகாமல் ரெட் ஆக்சைடு அடித்தால் இரண்டே மழையில் உரியும். கடற்கரைப் பக்கம் என்றால் மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்து, துத்தநாகம் கலந்த எபாக்ஸி பிரைமர் அடிப்பது செலவுக்குத் தகும். பாக்ஸ் பைப் தூண்களின் இரு நுனிகளையும் பிளேட் வைத்து முழுவதுமாக அடைத்துவிடுங்கள். உள்ளே போகும் தண்ணீர் வெளியே தெரியாமல் அரிக்கும்.

படி 7: நிறுத்துவது

மின்கம்பி எங்கே போகிறது என்று பார்த்த பிறகுதான் கிரேன் கடைத்தெருவுக்குள் வர வேண்டும். தேவையென்றால் மின்வாரியத்திடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். பிரேசிங் வரும் கட்டத்தை முதலில் நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு தூண், இடையில் பீம், குறுக்குச் சட்டம், அவ்வளவும் முடிந்த பிறகு அடுத்த கட்டம். மாலையில் வேலை முடியும்போது பிரேசிங்கோ கயிறோ இல்லாமல் ஒரு தூண்கூடத் தனியாக நிற்கக் கூடாது. தூக்குக்குண்டு விட்டுத் தூணின் இரண்டு முகத்தையும் பார்த்து, பேஸ் பிளேட்டுக்குக் கீழே உள்ள நட்டைத் திருகி நேராக்குங்கள். எல்லாம் நேரான பிறகு பிளேட்டுக்கும் பெடஸ்டலுக்கும் நடுவே சுருங்காத கிரவுட் (தானே ஓடி இடைவெளியை நிரப்பும் கலவை) ஊற்றுங்கள். சிமெண்ட் கலவையைக் கரண்டியால் திணித்தால் நடுவில் வெற்றிடம் இருந்துவிடும்.

படி 8: தளம், சுவர், தீ

பீம் மேல் டெக் ஷீட் (மடிப்பு வைத்த இரும்புத் தகடு) விரித்து, கம்பி வலை வைத்து கான்கிரீட் போடுவது சுலபம். ஷீட் வழியாகப் பீமில் ஸ்டட், அதாவது தலை வைத்த குட்டை இரும்புக் குச்சிகள், வெல்ட் செய்தால் கான்கிரீட்டும் பீமும் சேர்ந்து வளையும், பலம் நன்றாகக் கூடும். கான்கிரீட்டை ஒரே இடத்தில் குவியலாகக் கொட்டவிடாதீர்கள், ஷீட் அங்கே வயிறு தள்ளிவிடும்.

செங்கல் சுவரைத் தூணோடு இறுக்கிக் கட்டிப் பூசினால் அந்தக் கோட்டில் விரிசல் வந்தே தீரும், ஏனென்றால் வெயிலில் இரண்டும் ஒரே அளவில் நகர்வதில்லை. 12 மீட்டர் நீளப் பீம் 30 டிகிரி சூடேறினால் 4 மி.மீ.க்கு மேல் நீளும். சுவரைத் தூணோடு சிறு கம்பித் துண்டுகளால் பிணைத்து, நடுவில் 10 மி.மீ. இடைவெளி விட்டு இளகும் சீலன்ட் நிரப்புங்கள்.

தீ பற்றி யாரும் கேட்பதில்லை, நான் கேட்காமலே சொல்லிவிடுவேன். இரும்பு எரியாது, ஆனால் 550 டிகிரி வாக்கில் அதன் பலம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். துணி, பிளாஸ்டிக் அடுக்கிய கடையில் தீப்பிடித்தால் அந்தச் சூடு சீக்கிரமே வந்துவிடும். மேலே ஒரு குடும்பம் தூங்கிக்கொண்டிருக்கும். எனவே கடைக்குள் தெரியும் பீமுக்கும் தூணுக்கும் வலை கட்டிக் கனமான பூச்சோ, தீ தாங்கும் போர்டு உறையோ, சூட்டில் உப்பும் பெயிண்டோ கட்டாயம் வேண்டும். அழகுக்காக இரும்பை வெறுமனே விட்டுவைக்கச் சொல்லும் வரைபடத்துக்கு நான் ஒப்புக்கொள்வதில்லை.

படி 9: முதல் மழைக்குப் பிறகு

குடிபோன பிறகு வரும் முதல் ஐப்பசி மழை முடிந்ததும் ஒரு டார்ச்சோடு கீழே இறங்குங்கள். ஒவ்வொரு பேஸ் பிளேட்டையும், குளியலறைக்குக் கீழே வரும் பீமையும், பிரேசிங் நுனிகளையும் பாருங்கள். பழுப்பாக வடிந்த கோடு எங்காவது தெரிந்தால் அந்த இடத்தைச் சுரண்டி, பிரைமர் வைத்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடி அடையுங்கள். அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை இதே வேலையைச் செய்தால் போதும்.